ஆளை விடுங்க... போனைக் காட்டுங்க!

எங்கள் மாமா யாருக்கும் பேனா இரவல் தரமாட்டார்.

தஞ்சாவூரில் தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பச்சை நிற இங்க் பேனா. ''ஒரே ஒரு கையெழுத்து போட்டுட்டுத் தந்துடறேன் சார்'' என்று யாராவது கை நீட்டினால் போதும்... ''உசிரை வேணா கேளு, பேனாவைக் கேட்காதே. அடுத்தவன் கை பட்டா நிப் வளைஞ்சுடும். அப்புறம் என் கையெழுத்தே மாறிடும்'' என்பார். முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் அவர் போட்ட கையெழுத்து ஒரு தடவைகூட 'டேலி ஆகலை' என்று பேங்கிலிருந்து திரும்பியது கிடையாது. அந்தப் பெருமை அவருக்கு இன்றும் உண்டு.

அப்பேர்ப்பட்ட மாமா, போன மாதம் முன்பின் தெரியாத ஒருவனுக்குத் தன் கையெழுத்தையே இரவல் கொடுத்துவிட்டார். பேனாவால் இல்லை, செல்போனால்!

''மாப்ளே, ஒண்ணு சொல்றேன்... சிரிக்கப்படாது'' என்றுதான் பேச்சை ஆரம்பித்தார்.

விஷயம் இதுதான். போனிலேயே கரண்ட் பில் கட்டியிருக்கிறார். பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை. பதறிப் போய் இன்டர்நெட்டில் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடியிருக்கிறார். கிடைத்த நம்பர் திருடனுடையது. (இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாமே!) எதிர்முனையில் தேன் ஒழுகும் குரல்.

''கவலைப்படாதீங்க அங்கிள். ஒரு மெசேஜ் அனுப்பறேன். அதை அப்படியே நான் சொல்ற நம்பருக்கு ஃபார்வர்டு பண்ணுங்க. ரீஃபண்டு வந்துடும்.''

மெசேஜ் வந்தது. தலையும் இல்லை, வாலும் இல்லை. ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த கொத்து பரோட்டா. 'இதிலே பாஸ்வேர்டு இல்லை, ஒண்ணும் இல்லை, அனுப்பினா என்ன குடி முழுகிடப் போகுது' என்று மாமா அனுப்பிவிட்டார். அடுத்து டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்ணும், காலாவதி தேதியும் கேட்டான். சொன்னார். உடனே ஓ.டி.பி. வந்தது. அதையும் கேட்டான்.

''ஓ.டி.பி. சொல்லக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா மாப்ளே? ஆனா அவன் பணம் உள்ளே வர்றதுக்குன்னுதானே கேட்டான்!''

ஐந்து நிமிஷத்தில் அக்கவுன்ட்டிலிருந்து 4,900 ரூபாய் காலி. 'டிங்' என்று வந்த மெசேஜைப் பார்த்த மருமகள் போனைப் பிடுங்கி, 1930-க்கு அடித்து, பேங்குக்கும் அடித்து, கணக்கை முடக்கச் சொன்னாள். மிச்சம் இருந்த இரண்டு லட்சத்து எண்பத்தாறாயிரம் ரூபாய் பென்ஷன் பணம் பிழைத்தது.

மாமாவுக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, அந்தக் கொத்து பரோட்டா மெசேஜில் அப்படி என்னதான் இருந்தது? இரண்டு, உள்ளே புகுந்த திருடன் இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேல் விட்டுவிட்டு 4,900-ஐ மட்டும் ஏன் எடுத்தான்?

''மனசாட்சியா இருக்குமோ?''

மனசாட்சி இல்லை மாமா. போன் சாட்சி!

கவுன்டருக்கு அந்தப் பக்கம்

பேங்கில் கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பிரிவில் இருக்கும் நண்பரிடம் போய் உட்கார்ந்தேன்.

''அந்தக் காலத்துல உங்க மாமா பேங்குக்குப் போனா, கவுன்டர்ல இருக்கறவர் முகத்தைப் பார்ப்பார். சந்தேகம் வந்தா மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்து செக்கோட ஒப்பிட்டுப் பார்ப்பார். இப்ப ராத்திரி ரெண்டு மணிக்குப் படுக்கையிலே படுத்துக்கிட்டுப் பணம் அனுப்பறீங்க. உங்க முகத்தை யார் பார்த்தா? பேங்குக்குத் தெரியறது உங்க போன் மட்டும்தான் சார். அதுதான் இப்ப உங்க மாதிரிக் கையெழுத்து அட்டை.''

யு.பி.ஐ. என்கிற இந்தப் பணப் பரிமாற்ற முறை 2016 ஏப்ரலில் தொடங்கியது. முதல் முதலாக அந்த ஆப்பைப் போனில் போடும்போது ஒரு காட்சியைக் கவனித்திருப்பீர்கள். 'உங்கள் எண்ணைச் சரிபார்க்கிறோம், உங்கள் போனிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். போகும்' என்று ஒரு அறிவிப்பு. சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றும். முடிந்தது என்று டிக் அடிக்கும். நாமும் 'அப்பாடா' என்று டீ குடிக்கப் போய்விடுவோம்.

அந்தச் சில விநாடிகளில் நடப்பது ஒரு கல்யாணம்! ஆப் ஒரு ரகசியச் சரத்தைத் தயாரிக்கிறது. அதை உங்கள் சிம்மிலிருந்து பேங்கின் எண்ணுக்கு எஸ்.எம்.எஸ்ஸாக அனுப்புகிறது. பேங்க் பார்க்கிறது... 'இந்தச் சரம் இந்தப் போனில் பிறந்தது. வந்திருப்பதோ இன்னார் நம்பரிலிருந்து. ஆகவே இந்தப் போன் இன்னாருடையது.' சிம்முக்கும் போனுக்கும் முடிச்சுப் போட்டுவிடுகிறது. இதற்கு 'டிவைஸ் பைண்டிங்' என்று பெயர். அப்புறம் நீங்கள் பணம் அனுப்பும்போதெல்லாம் பேங்க் இரண்டு விஷயம் பார்க்கும். முடிச்சுப் போட்ட அதே போன்தானா? ரகசிய பின் எண் சரியா? இரண்டும் சரியாக இருந்தால்தான் பணம் நகரும். உங்கள் பின் எண்ணை எவனாவது எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டாலும், அவன் போனில் அதை அடித்தால் வேலைக்காகாது.

இப்போது மாமாவின் முதல் சந்தேகத்துக்கு வருவோம். அந்தக் கொத்து பரோட்டா, திருடனின் போனில் பிறந்த ரகசியச் சரம். அதை அவன் நம்பரிலிருந்து அனுப்பினால் பேங்க் ஏற்காது. மாமாவின் நம்பரிலிருந்து போக வேண்டும். அதைத்தான் 'ஃபார்வர்டு பண்ணுங்க அங்கிள்' என்றான். மாமா அனுப்பியதும் பேங்க் என்ன நினைக்கும்? 'ஓகோ, பெரியவர் புதுப் போன் வாங்கிட்டார் போலிருக்கு!' மாலை மாற்றியாகிவிட்டது. கார்டு எண்ணும் ஓ.டி.பி.யும் கிடைத்ததும் புதிதாக ஒரு பின் எண்ணையும் போட்டுக்கொண்டான்.

இரண்டாவது சந்தேகம். ஆண்ட்ராய்டு போனில் யு.பி.ஐ.யைப் புதிதாகப் பதிவு செய்தால், முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய் வரைதான் அனுப்ப முடியும் என்று ஒரு விதி. புது மாட்டுப்பெண்ணிடம் முதல் நாளே பீரோ சாவியைக் கொடுக்காத மாமியார் மாதிரி! திருடன் 4,900-ஐ எடுத்துவிட்டு மறுநாளுக்காகக் காத்திருந்தான். அதற்குள் மருமகள் முந்திக்கொண்டாள்.

சலவைக் குறியும் பப்பாளி மரமும்

சரி, ஒரு போனை இன்னொரு போனிலிருந்து எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள்? கடையில் ஒரே மாடல் நூறு அடுக்கி வைத்திருக்கிறார்களே?

உங்கள் போனில் *#06# என்று அடித்துப் பாருங்கள். காசு ஆகாது. 15 இலக்க எண் ஒன்று வரும். அதுதான் ஐ.எம்.இ.ஐ. இரண்டு சிம் போடும் போன் என்றால் இரண்டு எண் வரும். முதல் எட்டு இலக்கம் எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்பதைச் சொல்லும். அடுத்த ஆறு அந்தப் போனுக்கே உரிய வரிசை எண். கடைசி ஒன்று, மற்றவற்றைக் கூட்டிக் கழித்துச் சரிபார்க்கும் இலக்கம். லாண்டரியில் சட்டைக் காலரின் உட்பக்கம் மசியால் ஒரு குறி போடுவார்களே, அந்த மாதிரி. எத்தனை சட்டையோடு கலந்தாலும் குறியை வைத்து உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும்.

ஆனால் குறியை அழிக்கவும் ஆள் உண்டு. 2020-ல் உத்தரப் பிரதேசத்தில் மீரட் போலீஸார் ஒரு போனை விசாரிக்கப் போய், 13,500-க்கும் மேற்பட்ட போன்கள் ஒரே ஐ.எம்.இ.ஐ. எண்ணில் ஓடுவதைக் கண்டுபிடித்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ஊரில் எல்லாச் சட்டைக்கும் ஒரே குறி! இந்த எண்ணைத் திருத்துவதற்கு, 2023-ம் வருடத்துத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் மூன்று வருஷம் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல்... அழியாத குறி என்பது ஒட்டுக் கேட்பவனுக்கும் சௌகரியம். டார்ச் லைட் ஆப்பும் ஜோசிய ஆப்பும்கூட அந்த எண்ணைப் படித்து, நீங்கள் எங்கே போகிறீர்கள், என்ன வாங்குகிறீர்கள் என்று கோத்துவிடலாம். அதனால் ஆப்பிள் தன் போனின் நிரந்தர எண்ணைப் படிக்கும் ஆப்களை 2013 மே முதல் ஏற்பதில்லை என்று கதவைச் சாத்தியது. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10, சாதாரண ஆப்கள் ஐ.எம்.இ.ஐ.யைப் பார்க்கவே முடியாதபடி பூட்டிவிட்டது.

குறியைப் பார்க்கக் கூடாது என்றால் ஆப்காரர்கள் என்ன செய்வார்கள்? நம்ம ஊர் தபால்காரர் செய்வதைத்தான். கதவு எண் அழிந்துபோன வீட்டை அவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? நீல கேட், வாசலில் பப்பாளி மரம், பக்கத்தில் பம்ப் செட், உள்ளே குரைக்கும் நாய். தனித்தனியாக நீல கேட் ஆயிரம் இருக்கும். நான்கும் ஒரே இடத்தில் என்றால் அது ராமசாமி வீடுதான். அதே மாதிரி மாடல், திரையின் அளவு, மென்பொருளின் பதிப்பு, மொழி, நேர மண்டலம் என்று சின்னச் சின்ன அடையாளங்களைச் சேர்த்தால் போனுக்கு ஒரு 'கைரேகை' கிடைத்துவிடுகிறது. முழுக்க நிச்சயம் என்று சொல்ல முடியாது. பப்பாளி மரம் புயலில் விழலாம், கேட்டுக்குப் பச்சை பெயின்ட் அடிக்கலாம். ஆனாலும் திருடனைச் சந்தேகப்பட இது போதும்.

சந்தேகம் தேவைதான். 2020 டிசம்பரில் ஐ.பி.எம். நிறுவனத்தின் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் ஒரு கும்பலைப் பற்றிச் சொன்னார்கள். கும்பலின் கையில் இருந்தது 'எமுலேட்டர்'... அதாவது கம்ப்யூட்டருக்குள் ஓடும் பொய் போன். சுமார் 20 எமுலேட்டர்களை வைத்துக்கொண்டு, 16,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் போன்களைப் போல வேஷம் கட்டி, அமெரிக்க, ஐரோப்பிய பேங்குகளில் சில நாட்களுக்குள் மில்லியன் கணக்கான டாலரைச் சுரண்டியிருக்கிறார்கள். நாடகக் கம்பெனியில் ஒரே ஆள் ராஜா, மந்திரி, சேவகன் என்று வேஷம் மாற்றுவது போல! அதனால்தான் இப்போதெல்லாம் பேங்க் ஆப்கள், 'இது நிஜப் போனா, பொய்ப் போனா? உள்ளே எவனாவது கை வைத்திருக்கிறானா?' என்று முதலில் சோதிக்கின்றன.

அடையாளமா, வேவா?

ஆனால் 'திருடனைப் பிடிக்கத்தானே' என்று சொல்லிக்கொண்டு ஆப்காரர்கள் எது வரைக்கும் போகலாம்? இதற்குச் சீனாவில் ஆரம்பித்து அமெரிக்காவில் முடிந்த ஒரு கதை உண்டு.

'உபர்' டாக்ஸிக் கம்பெனி சீனாவில் காலூன்றப் பார்த்த நேரம். ஓட்டுகிற ஒவ்வொரு சவாரிக்கும் டிரைவருக்கு ஊக்கத்தொகை. சும்மா இருப்பார்களா? சில டிரைவர்கள், திருடப்பட்டுத் துடைத்து விற்கப்பட்ட ஐபோன்களை வாங்கினார்கள். ஒவ்வொன்றிலும் பொய்ப் பெயரில் பயணிக் கணக்கு. தானே சவாரி கூப்பிட்டு, தானே ஏற்றுக்கொண்டு, காலி வண்டிக்கு ஊக்கத்தொகை வாங்கினார்கள்!

உபர் எரிச்சலாகி, ஐபோனை முழுக்கத் துடைத்துவிட்டுத் திரும்பப் பயன்படுத்தினாலும் 'நீ அதே போன்தானே' என்று கண்டுபிடிக்கும் ஒரு வித்தையை ஆப்புக்குள் வைத்தது. திருடனைப் பிடிக்கச் சரிதான். ஆனால் ஆப்பிளின் விதிப்படி அது தப்பு. போனைத் துடைத்த பிறகும் அதன் பழைய அடையாளம் ஒரு கம்பெனியிடம் இருப்பதா? உபருக்கு அது தெரியும். அதனால் ஆப்பிள் தலைமையகம் இருக்கும் கலிபோர்னியாவின் கூபர்டினோ வட்டாரத்தில் மட்டும் வித்தை தெரியாதபடி மறைத்து வைத்தது. இன்ஸ்பெக்டர் வரும் தெருவில் மட்டும் ஹெல்மெட் போடுகிற கதை! ஆனால் ஆப்பிள்காரர்கள் அந்த ஊரில் மட்டுமா இருக்கிறார்கள்? வேறு ஊரிலிருந்த பொறியாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். 2015 தொடக்கத்தில் உபரின் தலைவர் டிராவிஸ் கலானிக்கை ஆப்பிளின் தலைவர் டிம் குக் நேரில் கூப்பிட்டு, நிறுத்தாவிட்டால் ஆப்பைக் கடையிலிருந்தே எடுத்துவிடுவோம் என்று சொல்ல, வித்தை நின்றது. 2017 ஏப்ரலில் 'நியூயார்க் டைம்ஸ்' இதை எழுதியபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

அதே 2017-ல் ஆப்பிள் ஒரு சமரசம் கொண்டுவந்தது. 'டிவைஸ் செக்' என்று பெயர். ஒவ்வொரு போனுக்கும், ஆப்பை எழுதுகிறவருக்கு ஆப்பிள் தன் நோட்டில் இரண்டே இரண்டு கட்டம் தரும். டிக் போடலாம், போடாமல் விடலாம். அவ்வளவுதான். 'இந்தப் போன் இலவச ஆஃபரை ஏற்கெனவே வாங்கிவிட்டது' என்று ஒரு டிக். 'இந்தப் போன் மோசடி செய்தது' என்று இன்னொரு டிக். போனைத் துடைத்தாலும் டிக் அழியாது. ஆனால் உங்கள் பேர், ஊர், ஜாதகம் எதையும் அந்த இரண்டு கட்டத்தில் எழுத முடியாது. ரேஷன் கடையில் 'சர்க்கரை வாங்கியாச்சு' என்று குறிப்பதற்கும், வீட்டுக்குள் வந்து டப்பாவைத் திறந்து பார்ப்பதற்கும் இருக்கும் வித்தியாசம் இதுதான்.

நம்ம ஊரிலும் இந்த இழுபறி வந்தது. தொலைந்த போனை முடக்க உதவும் 'சஞ்சார் சாத்தி' ஆப்பை, எல்லாப் புதுப் போனிலும் கம்பெனிகளே போட்டு விற்க வேண்டும் என்று 2025 இறுதியில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. 'அரசாங்கம் எங்கள் போனுக்குள் எட்டிப் பார்க்கவா?' என்று எதிர்ப்பு கிளம்ப, டிசம்பர் 3-ம் தேதியே அந்தக் கட்டாயம் வாபஸ் ஆனது. வேண்டுமென்பவர்கள் தாங்களே போட்டுக்கொள்ளலாம்.

பூட்டு சரி, சாவி?

''இவ்வளவு பூட்டு போட்டும் தினம் தினம் ஏமாறுகிறார்களே, ஏன்?'' என்று நண்பரைக் கேட்டேன்.

''போனை அடையாளம் கண்டுபிடிச்சுடுவோம் சார். ஆனா அந்தப் போனை வச்சிருக்கறவர் சொந்த புத்தியில செய்யறாரா, இன்னொருத்தன் சொல்லிச் செய்யறாரான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?''

உண்மைதான். பூட்டு கெட்டியாக ஆக, திருடன் பூட்டை உடைப்பதை விட்டுவிட்டு, வீட்டுக்காரரையே திறந்துவிடச் சொல்கிறான். 'திரையைப் பகிரும் ஆப்' ஒன்றைப் போடச் சொல்வான். உங்கள் போனின் திரை அவன் கண்ணுக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஆப் ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்புவான். தொட்டு உள்ளே போட்டு, கேட்ட அனுமதியெல்லாம் கொடுத்தால், உங்களுக்கு வரும் எஸ்.எம்.எஸ். எல்லாம் அவனுக்கும் போகும். (யார் வீட்டுக் கல்யாணம் என்றுகூடப் பார்க்காமல் தொட்டுவிடுகிறோம்!)

ஆகவே, கத்தரித்து ஃப்ரிட்ஜில் ஒட்டிக்கொள்ள:

1. அர்த்தம் புரியாத மெசேஜை யார் சொன்னாலும் உங்கள் போனிலிருந்து அனுப்பாதீர்கள். அது வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது மாதிரி.

2. பணம் வருவதற்குப் பின் எண்ணோ, ஓ.டி.பி.யோ தேவையே இல்லை. கேட்டால் போனை வையுங்கள்.

3. கஸ்டமர் கேர் நம்பரை இன்டர்நெட்டில் தேடாதீர்கள். பாஸ்புக்கில், கார்டின் பின்புறத்தில், ஆப்புக்குள்ளே இருக்கும்.

4. புதுப் போனில் பேங்க் ஆப் மறுபடி மறுபடி கேள்வி கேட்டால் திட்டாதீர்கள். திருடன் கையில் உங்கள் கணக்கு திறந்தாலும் அப்படித்தான் கேட்கும்.

5. பழைய போன் வாங்குமுன் அதன் 15 இலக்க எண்ணைப் பாருங்கள். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஒரு இடைவெளி, பிறகு அந்த எண்... 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் அந்தப் போனின் விவரம் வரும். முடக்கப்பட்டது என்றால் வாங்காதீர்கள்.

6. போன் தொலைந்தால் முதலில் சிம்மை முடக்குங்கள். பேங்குக்குச் சொல்லுங்கள். போலீஸில் புகார் கொடுத்துவிட்டு சஞ்சார் சாத்தியில் போனையே முடக்குங்கள். 2023 மே முதல் நாடு முழுக்க இந்த வசதி உண்டு. இதற்கு அந்த 15 இலக்கம் வேண்டும். இன்றைக்கே குறித்து வையுங்கள், போனில் இல்லை, டைரியில்!

7. பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். 1930. ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

இதையெல்லாம் மாமாவிடம் ஒப்பித்தேன். கடைசி வரை 'ம்' கொட்டிக் கேட்டார். 4,900 ரூபாய் இன்னும் திரும்பி வரவில்லை. மருமகளிடம் மட்டும் மரியாதை கூடியிருக்கிறது.

போன வாரம் தஞ்சாவூர் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் ஒருவர் மாமாவிடம் வந்து, ''சார், என் போன்ல சார்ஜ் இல்லே. உங்க போனைக் குடுங்களேன், ஒரே ஒரு மெசேஜ் அனுப்பிட்டுத் தந்துடறேன்'' என்றார்.

மாமா சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார். ஒரு கணம் யோசித்தார். பிறகு இன்னொரு கையால் அந்தப் பச்சைப் பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினார்.

''நம்பரையும் சேதியையும் எழுதிக் குடுங்க தம்பி. நானே படிச்சுப் பார்த்து அனுப்பறேன்.''

முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக மாமா பேனாவை இரவல் கொடுத்ததை நான் பார்த்தேன்!